பென்னிகுவிக், ஜான் (1841–1911)

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். புனேயில் 1841 ஜனவரி 15 அன்று பிறந்தார். சிலியன்வாலாப் போரில் (1849) தந்தையும் அண்ணனும் மாண்டபோது அவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1858-இல் சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் பெரியாற்றை வைகைப் பக்கம் திருப்பும் யோசனை அவருடையதல்ல. ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே அதற்கு வழி பார்த்தார். 1808-இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், ஆகாத காரியம் என்று எழுதி மூடிவிட்டார். 1876–78 தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு அவசரப்பட்டது. 1882-இல் திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. திருவிதாங்கூருடன் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். மறு ஆண்டே வேலை தொடங்கியது.

அணை கட்டுவதைவிட அங்கே சாமான் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்கிய தளவாடங்கள் மாட்டு வண்டியில் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையடிவாரம் வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தேக்கடிக்கு ஏறி, பிறகு படகில் ஆற்றோடு போயின. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரைதான் கல்லைப் பிடித்தது. வெள்ளம் தற்காலிகக் கரைகளை அடித்துப் போக, காய்ச்சலும் காலராவும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. அவர்களில் பலரின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். தண்ணீரை வைகைப் பக்கம் கொண்டுபோக மலையைக் குடைந்த சுரங்கம் மட்டும் ஒரு மைலுக்கு மேல் நீளம்.

அதன்பின் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்தார். பிரிஸ்பேன் நகர வெள்ளத் தடுப்புக்கும் யோசனை சொன்னார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

மனைவியின் நகையையும் சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்பது ஊர்ப் பேச்சு. உடன் பணியாற்றிய மெக்கன்சி 1899-இல் வெளியிட்ட திட்ட வரலாறு, செலவை அரசுக் கணக்கிலேயே காட்டுகிறது. அந்தக் கதை இல்லாமலே அவர் பெரிய ஆள்தான். கூடலூர், கம்பம் பக்கத்து வீடுகளில் சாமி படங்களுக்கு நடுவே அந்த மீசைக்காரர் படமும் மாட்டியிருக்கும். பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இன்றும் அந்தத் தண்ணீரில் இருபோகம் விளைகிறது.