சந்திரகிரி: செவிவழிச் செய்தியும் கல்லின் சான்றும்

திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சந்திரகிரி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. வேங்கடவனைத் தொழ வருவோர் பல்லாயிரவர். இக்கோட்டையை நாடுவோரோ மிகச் சிலர். சென்னைக்கு நிலம் வழங்கிய ஆவணம் இங்குள்ள ராஜமகாலில்தான் எழுதப்பட்டது என்பர் இவ்வூரார். அக்கூற்று எத்துணை உறுதியுடையது என நாம் ஆராய்தல் வேண்டும்.

கி.பி. 1000 அளவில் யாதவராயர் இக்கோட்டையை எழுப்பினர் என்பது மரபு. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் விஜயநகர அரியணையைக் கைப்பற்றினார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு வீழ, தலைநகர் பெனுகொண்டைக்குப் பெயர்ந்தது. அதன்பின் இரண்டாம் வேங்கடபதிராயர் (1586–1614) சந்திரகிரியைத் தலைநகராக்கினார். ஏசு சபைத் துறவியர் 1598-இல் அவரது அவைக்கு வந்தனர்.

இனி, நிலக்கொடையைக் காண்போம். 1639-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டேக்கு அதனை வழங்கியவர், பேரரசுக்கு அடங்கி வந்தவாசிப் பகுதியை ஆண்ட தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். அவர் தந்தை சென்னப்பரின் பெயரே சென்னப்பட்டணம் என்பதில் நிலைத்தது. 1645-இல் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அக்கொடையை உறுதி செய்தார். ஆகவே, சென்னை இப்பேரரசின் நிழலில் தோன்றியது வரலாறு; ராஜமகாலில் கையெழுத்தானது என்பது செவிவழிச் செய்தியே.

இதனால் சந்திரகிரியின் பெருமை குன்றுமோ? குன்றாது. மரத்தின் துணையின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுந்த மூன்றடுக்கு ராஜமகால், தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதனினும் உறுதியான சான்று திருமலைச் சுவர்களில் உள்ளது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாளுவ நரசிம்மர் காலத்து அறக்கொடைகளையும் அவற்றில் தமிழிலேயே காண்கிறோம். தெலுங்கு வளர்த்த அரசர்கள், மக்கள் அறிந்த தமிழில் தம் அறங்களைப் பொறித்தமை இரு மொழியாரும் ஒருங்கே போற்றத்தக்கது.

கோல்கொண்டாப் படைகளும் பின்னர் ஐதர் அலியும் கோட்டையைக் கைக்கொண்டனர். அரசு மறைந்தது, எழுத்து மறையவில்லை. திருமலை தேவஸ்தானம் அக்கல்வெட்டுகளைத் தொகுத்து 1931 முதல் நூல்களாக வெளியிட்டது. எல்லையில் வாழும் தமிழராகிய நாம் அவற்றைப் படிக்கவும், நம் இளைஞர்க்குப் பழைய எழுத்தைக் கற்பிக்கவும் முற்படுவோமாக. படிப்பார் அற்ற கல்வெட்டு மீண்டும் வெறுங்கல்லாகிவிடும்.