இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பிரித்தனர். 60 என்பது பங்கிடுவதற்கு மிக எளிய எண். 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என அதற்குப் பன்னிரண்டு வகுத்திகள் உண்டு. 60-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணை ‘மிகுபகு எண்’ எனலாம். 12, 24, 36, 48, 60, 120 ஆகியவை இவ்வகையின.

இவற்றை விரிவாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. இதற்காகவே 1916-இல் அவருக்குப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. போர்க்காலப் பண நெருக்கடியால் அப்போது அச்சேறாத பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அவர் 102 மிகுபகு எண்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! அதைப் பகா எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

என அமையும். ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என இறங்கிவருவதைக் கவனியுங்கள். இது தற்செயலன்று. 18 = 2 × 3². இதன் அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. இரண்டுக்கும் வகுத்திகள் ஆறே. ஆனால் 12 சிறியது. ஆகவே 18 மிகுபகு எண் ஆகாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எப்போதும் 1 என்றும் இராமானுஜன் நிறுவினார்.

இனி, அப்பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 2,93,31,86,25,600 கிடைக்கும். இதன் வகுத்திகள் 5,040. இதுவும் மிகுபகு எண்தான். ஆனால் பட்டியலில் இல்லை! இதற்கு முந்தைய 2,40,94,02,99,600-க்கு 4,800 வகுத்திகள். அடுத்த 3,21,25,37,32,800-க்கு 5,376. இவ்விரண்டிற்கும் நடுவே இருக்கவேண்டிய எண் விடுபட்டுவிட்டது.

இதனால் இராமானுஜனின் புகழ் குறைந்துவிடுமா? இல்லை. விடுபட்ட எண்ணும் அவர் கண்ட விதிகளுக்கு அப்படியே கட்டுப்படுகிறது. பிழை பட்டியலில்தான்; விதியில் அன்று. மேதை எழுதியதாயினும் கணக்கைச் சரிபார்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. மேலே சொன்ன பெருக்கல்களைச் செய்து பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.