சைலிட்டாலும் பால்பற்களும்

சைலிட்டால் என்பது ஐந்து கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரு சர்க்கரை ஆல்கஹால். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இது போதை தருவதில்லை. பார்வைக்குச் சீனி போலவே இருக்கும், இனிப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். நாவில் வைத்தால் இலேசான குளிர்ச்சி தெரியும். மரத்தைக் குறிக்கும் 'சைலான்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இந்த இனிப்பு பல்லைக் கெடுப்பதில்லை என்பது ஐம்பது ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. பல்லைக் காக்கவும் செய்யுமா, குறிப்பாகப் பேசத் தொடங்காத குழந்தையின் பல்லைக் காக்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியின் வரலாற்றையும், சென்னையின் தென்புறநகர் போன்ற ஓர் இடத்தில் அதற்கு என்ன பொருள் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

விழப்போகும் பல்

குழந்தைக்குப் பால்பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் வெளிவரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். இவை எப்படியும் விழுந்து வேறு பல் முளைக்கப்போகிறது, பிறகு எதற்கு வைத்தியம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் கடைசிப் பால்கடைவாய்ப்பல் விழுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகிவிடும். மூன்று வயதில் சொத்தையான பல்லோடு ஏழெட்டு ஆண்டுகள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் பெற்றோர் தவறவிடுகிறார்கள். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்துக் கைவிடுகிறார்கள்.

இந்திய பல் மருத்துவ மன்றம் 2002–03இல் நாடு முழுவதும் நடத்திய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினருக்குப் பற்சொத்தை இருப்பது தெரியவந்தது. இரண்டில் ஒரு குழந்தை என்றே சொல்லலாம்.

பல்வலிக்கு நம் ஊரில் பழைய விளக்கம் ஒன்று உண்டு: பல்லைப் பூச்சி அரிக்கிறது. காதிலும் பல்லிலும் இருந்து பூச்சி எடுத்துக் காட்டுகிறோம் என்று தெருவில் வந்தவர்களை முந்தைய தலைமுறையினர் நன்கு நினைவில் வைத்திருப்பார்கள். முறையான பல் மருத்துவம் சென்னைக்கு அதற்குப் பிறகே பரவலாக வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அது கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் பாதையின் ஒரு முனையில் கல்லூரி, மறுமுனையில் தாம்பரம். கன்னம் வீங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய் வருவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். இன்று தென்புறநகரிலேயே தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி கல்லூரி, வண்டலூருக்கு அப்பால் இரத்தினமங்கலத்தில் தாகூர் கல்லூரி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதலிய ஊர்களை இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆனது. மருத்துவர் அருகில் வந்துவிட்டார். பல்லில் குழி விழுந்த பிறகுதான் அவரிடம் போகிறோம் என்பது மட்டும் மாறவில்லை.

பூச்சியிலிருந்து பாக்டீரியாவுக்கு

பூச்சிக் கதை ஒரு வகையில் உண்மைக்கு அருகில் இருந்தது. 1924இல் இலண்டனில் கிலியன் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். அது சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது; அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியது சுவீடனில் 1940களின் நடுவில் தொடங்கிய விப்பேஹோல்ம் ஆய்வு. மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு, அவர்களுடைய சம்மதத்துக்கு இடமே இல்லாமல், ஒட்டும் மிட்டாயைத் தின்னக் கொடுத்துப் பற்களைக் கெடவிட்டுப் பெற்ற அறிவு அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் ஏன் மற்ற இனிப்புகளைவிட மோசம் என்பதற்கு நாம் சொல்லும் காரணம் அங்கிருந்துதான் வருகிறது.

குழந்தை பிறக்கும்போது இந்தப் பாக்டீரியா அதன் வாயில் இல்லை. பிறர் எச்சிலிலிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் தாயிடமிருந்து. 1993இல் அமெரிக்க ஆய்வாளர் பேஜ் காஃபீல்டும் குழுவினரும், ஏறத்தாழ 19 முதல் 31 மாதங்களுக்கு உட்பட்ட காலத்தில் இது குழந்தையின் வாயில் குடியேறுகிறது என்று எழுதினர். அதற்கு முன்பும் குடியேறலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

எச்சில் விஷயத்தில் தமிழர்கள் கண்டிப்பானவர்கள். கமர்கட்டைப் பங்கு போடும் சிறுவர்கள்கூடச் சட்டை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் சோறு ஊட்டும் தாய்க்கும் பாட்டிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சூடு பார்க்க ஒரு வாய் சுவைத்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுவார்கள். இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே எச்சில் பரவாமல் தடுப்பது நடக்காத காரியம். தாயின் வாயிலேயே அந்தப் பாக்டீரியாவைக் குறைக்க முடியுமா என்று கேட்பதுதான் பயனுள்ளது. சைலிட்டால் வரலாற்றின் மிகச் சுவையான பகுதி இங்குதான் வருகிறது.

மரச்சர்க்கரை

1891இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் ருடால்ஃப் ஸ்டாகலும் பீச் மரத்திலிருந்து பெற்ற சர்க்கரையைக் கொண்டு சைலிட்டாலை உருவாக்கினர். ஏறத்தாழ அதே நேரத்தில் பிரான்சில் பெர்த்ராண்ட் என்பவர் கோதுமை வைக்கோலிலிருந்து அதைப் பெற்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது வேதியியல் நூல்களிலேயே கிடந்தது. பின்னர் நீரிழிவு நோயாளிகளுக்கான இனிப்பாகச் சில நாடுகளில் பயன்பட்டது. பல்லுக்கு அதைக் கொண்டுவந்தது பின்லாந்து. அங்கே பிர்ச் மரம் ஏராளம். மரத்தொழிலின் கழிவிலிருந்து சைலிட்டாலைத் தயாரிக்க பின்லாந்துச் சர்க்கரை நிறுவனமும் முன்வந்தது.

துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் ஆர்யே ஷெய்னின், கௌகோ மாகினென் ஆகியோர் 1972 முதல் 1974 வரை நடத்திய சோதனையில் 125 பேர் பங்கேற்றனர், பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு குழு வழக்கமான சீனியையும், இன்னொன்று பழச்சர்க்கரையையும், மூன்றாவது குழு சைலிட்டாலையும் தங்கள் உணவு முழுவதிலும் பயன்படுத்தியது. ரொட்டி, ஜாம், ஐஸ்கிரீம் எல்லாம் இதற்காகத் தனியே தயாரிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில் புதிதாகப் பாதிக்கப்பட்ட பல்பரப்புகளின் சராசரி சீனிக் குழுவில் 7.2, பழச்சர்க்கரைக் குழுவில் 3.8, சைலிட்டால் குழுவில் 0. உணவை மாற்றாமல் சூயிங் கம்மை மட்டும் கொடுத்து 102 பேரிடம் ஓராண்டு செய்த இன்னொரு சோதனையிலும் சைலிட்டாலே வென்றது. 1975இல் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டில் சைலிட்டால் சூயிங் கம் பின்லாந்துக் கடைகளுக்கு வந்துவிட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிது. மியூட்டன்ஸ் பாக்டீரியா சைலிட்டாலைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே அதை உடைத்து ஆற்றல் பெற வழியில்லை. செரிக்காததை வெளியே தள்ளவும் ஆற்றல் செலவாகிறது. மறுபடியும் இழுக்கிறது, மறுபடியும் தள்ளுகிறது. அமிலமும் உருவாவதில்லை, பல்லில் ஒட்டும் பசையும் குறைகிறது.

தாய் மென்ற சூயிங் கம்

1980களில் வடபின்லாந்தின் யூலிவியெஸ்கா என்ற சிற்றூரில் இசோகங்காஸும் குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளிடம் சைலிட்டால் சூயிங் கம்மைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். பிறகு அதே வட்டாரத்தில் ஈவா சோடர்லிங்கும் அவர்களும் சேர்ந்து, மியூட்டன்ஸ் அளவு மிகுந்த 195 தாய்மார்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு குழுத் தாய்மார்கள் பிரசவமாகி மூன்றாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நாள்தோறும் சைலிட்டால் சூயிங் கம்மை மென்றார்கள். மற்ற இரு குழுக்களின் தாய்மார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் அல்லது குளோர்ஹெக்சிடின் வார்னிஷ் பூசப்பட்டது. குழந்தைகளுக்கு எதுவும் தரப்படவில்லை.

2000ஆம் ஆண்டு வெளியான முடிவு வியப்பானது. இரண்டு வயதில் மியூட்டன்ஸ் குடியேறியிருந்த குழந்தைகள், சைலிட்டால் குழுவில் 9.7 விழுக்காடு, குளோர்ஹெக்சிடின் குழுவில் 28.6, ஃபுளோரைடு குழுவில் 48.5. ஐந்து வயதில் பார்த்தபோது சைலிட்டால் குழுவின் குழந்தைகளுக்குச் சொத்தை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைவாக இருந்தது. தாய் மென்றாள், பிள்ளையின் பல் பிழைத்தது. இவ்வளவு அழகான முடிவு மருத்துவத்தில் அரிதாகத்தான் கிடைக்கும்; அதனாலேயே அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது.

பின்வந்த ஐயங்கள்

மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் 1989 முதல் 1993 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையும் சைலிட்டாலுக்கு ஆதரவாகவே முடிந்தது. ஆனால் 2001இல் வெளியான லித்துவேனிய ஆய்வு வேறு விதமாகப் பேசியது: பலன் தருவது மெல்லும் செயல், அதில் ஊறும் உமிழ்நீர், இனிப்பு எது என்பதல்ல. அமெரிக்காவில் 691 பெரியவர்களுக்கு 33 மாதம் சைலிட்டால் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் சொத்தை 10 விழுக்காடு குறைந்தது. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல என்று 2013இல் அறிவித்தனர். 2015இல் காக்ரேன் அமைப்பு பத்து ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. ஃபுளோரைடு பற்பசையில் சைலிட்டாலும் சேர்ந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொத்தை 13 விழுக்காடு குறையலாம், அதற்கான சான்றும் தரம் குறைந்தது. மற்ற வடிவங்களைப் பற்றி எதுவும் உறுதியாகக் கூற முடியாது என்பது அதன் தீர்ப்பு.

சிறு குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுத்த முக்கியச் சோதனை பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் நடந்தது. 9 முதல் 15 மாதக் குழந்தைகள் 94 பேருக்குப் பாகு வடிவில் சைலிட்டால் கொடுத்தனர். நாளொன்றுக்கு 8 கிராமை இரு வேளையாகப் பெற்றவர்களில் 24.2 விழுக்காட்டினருக்கும், மூன்று வேளையாகப் பெற்றவர்களில் 40.6 விழுக்காட்டினருக்கும், மிகக் குறைந்த அளவே பெற்றவர்களில் 51.7 விழுக்காட்டினருக்கும் சொத்தை ஏற்பட்டது. 2009இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருவதே. ஆனால் 94 குழந்தைகள் சிறிய எண்ணிக்கை. அந்தத் தீவுகளில் சொத்தை மிகவும் கடுமை.

பின்லாந்தில் சைலிட்டால் வென்றதற்கு அந்நாட்டின் சூழலும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அங்கே தாய்சேய் நல மையமும் பல் மருத்துவரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தார்கள். சூயிங் கம் அதற்கு மேல் ஒரு கூடுதல் உதவி.

இங்கே

தாம்பரம் பக்கத்துத் தாய் ஒருவர் இதைப் பின்பற்ற நினைத்தால் முதல் தடை அளவு. பலன் கிடைத்த சோதனைகளில் பெரும்பாலும் நாளுக்கு 5 முதல் 10 கிராம் வரை, பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மேலட்டையில் சைலிட்டால் என்று அச்சிட்ட பண்டம் எல்லாவற்றிலும் அந்த அளவு இராது. உள்ளடக்கப் பட்டியலில் அது கடைசியில் நின்றால் பெயருக்குத்தான் இருக்கிறது. தூளாக வாங்கினால் விலை சீனியைப் போலப் பல மடங்கு. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும்; அதனால்தான் இத்தகைய இனிப்புகள் உள்ள பொட்டலங்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சூயிங் கம் தரவே கூடாது, தொண்டையில் அடைக்கும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

ஃபுளோரைடு மீதுள்ள அச்சமும் சைலிட்டாலை நோக்கிச் சிலரைத் தள்ளுகிறது. தமிழ்நாட்டில் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நிலத்தடி நீரின் மிகுதியான ஃபுளோரைடு தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் நீரில் கலந்து வாழ்நாள் முழுதும் குடிப்பதும், பல்லில் சிறிதளவு தேய்ப்பதும் ஒன்றல்ல. மூன்று வயதுவரை அரிசி மணியளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவு ஃபுளோரைடு பற்பசை என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. சைலிட்டாலுக்கு இதுவரை கிடைத்த சான்றைவிட இதற்கான சான்று பல மடங்கு வலுவானது.

குழந்தையின் பல்லில் படும் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பனங்கற்கண்டு போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது நம் பக்கத்தில் சாதாரணம். பனங்கற்கண்டு சளிக்கு நல்லதோ இல்லையோ, பாக்டீரியாவுக்கு அதுவும் சர்க்கரைதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பாலும் இனிப்பும் முன்பற்களிலேயே தேங்குகின்றன. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஈறோடு தேய்ந்து நிற்கும் குழந்தைகளைப் பார்த்தால் காரணத்தைப் பெரும்பாலும் புட்டியில் தேடலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்வது அறிவீனம். எடை குறைந்த குழந்தைக்கு அது உயிர். உருண்டை தின்றபின் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறை வர வேண்டும். அவை பார்க்கும் முப்பது குறைபாடுகளில் பற்சொத்தையும் ஒன்று. சொத்தை பரவாமல் நிறுத்த, துளையிடாமல் தடவும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதால் பெற்றோர் தயங்குவார்கள். ஊசியும் இல்லை, அழுகையும் இல்லை என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் ஃபுளோரைடு பற்பசையும் இருக்கிறது. சைலிட்டால் இல்லை.