இருமுறை விடிந்த பயணம்

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. பயண நேரம்தான் மாறுகிறது. அந்த நேரம் நீளும்போது என்னென்ன இடர்கள் நேரும் என்பதை இந்துமாக்கடலின் மேல் நடந்த ஒரு விமானப் போக்குவரத்து நமக்குக் காட்டுகிறது.

1938 முதல் சிட்னியிலிருந்து இங்கிலாந்து சென்ற பறக்கும் படகுகள் சிங்கப்பூர் வழியே சென்றன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று; வழி அறுந்தது. எனவே 1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் புதியதொரு வழியில் விமானம் விட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓடும் ஸ்வான் ஆற்றில் கிளம்பி, இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியில் இறங்க வேண்டும். தூரம் சுமார் 5,650 கி.மீ. நடுவே எங்கும் இறங்க முடியாது.

இதற்குப் பயன்பட்டவை ஐந்து கேட்டலினா பறக்கும் படகுகள். இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. அப்படியானால் பயணம் 28 மணி நேரம் ஆகும் அல்லவா? ஆனால் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், விமானம் கடலைக் கடக்கும் வேகம் 180 கி.மீ. ஆகக் குறையும், பயணமும் 31 மணியைத் தாண்டும். அதே காற்று பின்னிருந்து வீசினால் 26 மணிக்குள் முடிந்துவிடும். இவ்வழியில் நிகழ்ந்த மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்!

இத்தனை மணி நேரம் பறக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் பெட்ரோல் தேவைப்பட்டது. அதன் எடை மட்டுமே ஆறு டன்னுக்கு மேல். அந்தச் சுமைக்கு ஈடாகத் துப்பாக்கிகள் கழற்றப்பட்டன. பயணிகள் மூவர், தபால் 69 கிலோ. அதற்கு மேல் இடமில்லை. சுமை மிகுந்த முதல் சில மணி நேரத்தில் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் உயரம் காப்பது கடினம்.

எதிரியின் ரோந்துப் பகுதியை இருளில் கடந்தார்கள். வானொலியில் பேசினால் எதிரி இருப்பிடத்தை அறிந்துகொள்வான். ஆகையால் விண்மீன்களின் உயரத்தை அளந்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கும் ரைஜல், வேகா, ஸ்பைகா என விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன.

ஒரே பயணத்தில் சூரிய உதயத்தை இருமுறை கண்ட பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு’வின் உறுப்பினர் என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. 1945 ஜூலை வரை இக்கடலை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூட விபத்துக்குள்ளாகவில்லை.

2018 மார்ச்சில் அதே பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் தொடங்கியது. தூரம் சுமார் 14,500 கி.மீ., நேரம் ஏறத்தாழ 17 மணி. இரண்டரை மடங்கு தூரத்தை ஜெட் விமானம் பாதியளவு நேரத்தில் கடக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட பயணிகளையும் ஏற்றிச் செல்கிறது. கேட்டலினாக்கள் மூவரைச் சுமந்து கடந்த அந்தக் கடல் இன்றும் அதே அகலத்தில்தான் கிடக்கிறது.