காலிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு



விடுமுறை வந்தால் நம் ஊரிலிருந்து காலிக்குச் சுற்றுலா போவது வழக்கம். வெளிச்சவீட்டடியில் ஒரு படம், மதில் மேல் கொஞ்சம் கடல் காற்று, பிறகு பஸ். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காற்றே பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே நம்முடைய வரலாறும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போவோம்.

முதலில் கட்டடங்கள். 1588இல் போர்த்துக்கேயர் அங்கே சிறிய கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். இன்று நாம் ஏறி நடக்கும் பெரிய மதில்கள் பெரும்பாலும் அவர்களுடைய வேலை. பழைய வாசலின் உட்புறத்தில் சேவல் உருவத்துடன் அவர்களது கம்பனிச் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கும். வெளிப்புறத்தில் இருப்பது ஆங்கிலேயரின் சின்னம். ஒரே வாசலில் இரண்டு ஆட்சிகள்! 1755இல் எழுந்த ஒல்லாந்த தேவாலயம், 1883இன் மணிக்கூட்டுக் கோபுரம் இரண்டும் இன்றும் நிற்கின்றன.

வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள வெள்ளைக் கட்டடத்தைத் தேவாலயம் என்றே பலர் நினைப்பார்கள். அது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் கோட்டைக்குள்தான்.

ஆனால் முஸ்லிம்கள் இந்த மதில்களுக்குப் பிறகு வந்தவர்கள் அல்லர். 1344இல் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு வந்த இப்னு பதூதா, தெவிநுவரை வழியாகக் காலிக்கும் போனார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம்மை உபசரித்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வந்ததோ 1505இல். அவர்கள் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். கண்டி இராச்சியத்தில் அடங்கிய நம் மாத்தளைப் பக்கத்து ஊர்களும் அந்த வரலாற்றோடு சேர்ந்தவையே.

இனி முக்கியமான விஷயம். 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த கற்பலகையைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. பொறித்த ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் புகழோடு இஸ்லாத்திற்கும் உரியது. மூன்று தரப்புக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஏறக்குறைய ஒரே அளவான காணிக்கைகள். செங் ஹோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு நூற்றாண்டுக்கு முன்னரே, இந்த நாட்டில் யாரோடு பேச வேண்டும் என்றாலும் இந்த மொழிகள் தேவை என்று வெளியூர்க்காரர் அறிந்திருந்தார்.

அதே செங் ஹோ பிறகு அழகேஸ்வரனோடு போரிட்டு, 1411இல் அவரைச் சீனாவுக்குப் பிடித்துச் சென்றார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காணிக்கை வந்த கப்பலில் படையும் வந்தது. வரலாற்றில் பாதியை மட்டும் சொன்னால் அது பாடமாகாது.

அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதில் உள்ள தமிழ் எழுத்துக்களைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இன்னுமொன்று. அவ்வளவு பெரிய சான்று சாக்கடை நீருக்கு மேல் மூடியாகக் கிடந்தது. நம் ஊர் வீடுகளின் அலுமாரிகளிலும் பழைய காணி உறுதிகள், பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், கலியாணப் பதிவுகள், அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருக்கலாம். பழைய கடதாசி என்று வீசிவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லி எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளைய பிள்ளைகளுக்கு அதுவே கல்வெட்டு.