குடும்ப மருத்துவர்களும் ஆய்வுப் பங்கேற்புக் கோரிக்கைகளும்

பிரிட்டனில் நோயுற்றோர் பெரும்பாலும் முதலில் நாடுவது குடும்ப மருத்துவரையே. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி அவரிடமே நடைபெறுகிறது. ஆகவே, இந்நோய்கள் குறித்த ஆய்வுகளுக்கு அவரது ஒத்துழைப்பு இன்றியமையாதது.

கோரிக்கைகளின் வகைகள்

• வினாத்தாள்களை நிரப்புதல், நேர்காணல் அளித்தல்
• தகுதியுடைய நோயாளர்களைப் பதிவேட்டிலிருந்து தேர்ந்து அழைப்புக் கடிதம் அனுப்புதல்
• ஆலோசனையின்போதே நோயாளரை ஆய்வில் சேர்த்தல்

சுமை எவ்வாறு உருவாகிறது?

ஓர் ஆலோசனைக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் நேரம் சுமார் 10 நிமிடங்கள். நோயை ஆராய்ந்து மருந்து பரிந்துரைப்பதுடன், ஆய்வை விளக்கி ஒப்புதல் பெறுவதும் இதே நேரத்திற்குள் அடங்குவது கடினம். ஒவ்வோர் ஆய்வுக் குழுவும் தன் கோரிக்கையைச் சிறியதாகவே கருதுகிறது. அவை அனைத்தும் ஒரே மருத்துவரிடம் வந்து சேரும்போது சுமையாகின்றன.

விளைவுகள்

பதிலளிப்போர் குறைந்தால் ஆய்வு தாமதமாகும். ஆர்வமும் பணியாளர் வசதியும் உள்ள மருத்துவ நிலையங்கள் மட்டுமே பங்கேற்றால், பணிச்சுமை மிகுந்த பகுதிகளின் நோயாளர்கள் விடுபடுவர்; முடிவுகளும் அவர்களுக்குப் பொருந்தாமற் போகலாம். ஆய்வு தொடங்கியதும், எதிர்பார்த்ததைவிடக் குறைவான நோயாளர்களே கிடைப்பர் என்னும் அனுபவ உண்மை, அமெரிக்க மருந்தியலாளர் லூயி லாசக்னாவின் பெயரால் வழங்கப்படுகிறது.

சுமையைக் குறைக்கும் வழிகள்

• ஏற்கெனவே பதிவான தகவல்களைப் பயன்படுத்துதல். 1987-இல் தொடங்கப்பட்டு, இன்று சி.பி.ஆர்.டி. எனப்படும் தரவுத்தளம், அடையாளம் நீக்கப்பட்ட பதிவுகளை ஆய்வுக்கு வழங்குகிறது.
• நோயாளர்களே நேரடியாகச் சேர வழிசெய்தல். 2021 டிசம்பரில் தொடங்கிய பனோரமிக் கொவிட் ஆய்வில் இம்முறையும் பின்பற்றப்பட்டது. 25,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர்.
• செலவிடப்படும் நேரத்திற்கு ஈடு வழங்குதல்.
• இன்றியமையாத வினாக்களை மட்டும் கேட்டு, முடிவுகளைப் பங்கேற்ற மருத்துவர்களுக்குத் தெரிவித்தல்.

நோயாளர்கள் அறிய வேண்டியவை

ஆய்வில் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வமானது. மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. தமது பதிவுகள் ஆய்வுக்குப் பகிரப்படுவதை விரும்பாதோர் தம் மருத்துவ நிலையத்தில் அதனைத் தெரிவிக்கலாம்.