ஹீப் டம்ப் என்றால் என்ன? 8 லட்சம் கார்களின் தகவல் கசிந்தது எப்படி?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டாக்டரைப் பார்க்க ஆப்பில் டோக்கன் போடுறீங்க. திரை சுத்திக்கிட்டே இருக்கு, கடைசியில் 'சர்வர் டவுன்'. இப்படி நடக்க ஒரு முக்கிய காரணம் மெமரி லீக். அதைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் ஹீப் டம்ப்.

மெமரி லீக் என்றால்?

ஜாவாவில் எழுதிய செயலிகள், தகவல்களை 'ஹீப்' என்ற நினைவகப் பகுதியில் வைக்கும். தேவை முடிந்ததை 'கார்பேஜ் கலெக்டர்' தானாக அகற்றிவிடும். ஆனால், கோடிங்கில் எங்கோ ஒரு பட்டியல் பழைய டோக்கன்களை விடாமல் பிடித்து வைத்திருந்தால் அதை அகற்ற முடியாது. ஹீப் நிரம்பி, ஒரு கட்டத்தில் செயலி நின்றுவிடும்.

ஹீப் டம்ப் என்ன செய்யும்?

அந்த நொடியில் ஹீப்பில் இருப்பதை அப்படியே ஒரு ஃபைலில் சேமிக்கும். நினைவகம் தீர்ந்தவுடன் தானாகவே எடுக்கும் வசதியும் ஜாவாவில் உண்டு.

ஸ்கிரிப்ட் எதற்கு?

ஃபைல் பல ஜிபி இருக்கும், உள்ளே கோடிக்கணக்கான ஆப்ஜெக்ட்கள். கண்ணால் தேடவே முடியாது. எந்த வகை ஆப்ஜெக்ட் எத்தனை, எவ்வளவு இடம், அதைப் பிடித்து வைத்திருப்பது யார் என மூன்று கேள்விகளை ஸ்கிரிப்ட் கேட்கும். இடைவெளி விட்டு எடுத்த இரண்டு டம்ப்களை ஒப்பிட்டால், வளர்ந்துகொண்டே போவது எது எனத் தெரியும். எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்ற இலவச மென்பொருள், சந்தேகத்துக்குரிய இடங்களை அறிக்கையாகவே தரும்.

இதில் ஆபத்து என்ன?

ஹீப்பில் டோக்கன் மட்டுமா இருக்கும்? பாஸ்வேர்டு, போன் நம்பர், கிளவுட் சாவி எல்லாமே இருக்கலாம். தேடும் ஸ்கிரிப்ட் யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும்.

2024 டிசம்பரில் வெளிவந்த விவகாரம் இதற்கு உதாரணம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாடின் ஹீப் டம்ப் ஒன்று, இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்தது. அதில் அமேசான் கிளவுடின் சாவிகள் இருந்தன. சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவல்களை எட்ட முடிந்தது. அதில் சுமார் 4.6 லட்சம் கார்கள் எங்கெங்கே நின்றன என்பதுகூட துல்லியமாக இருந்தது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் எச்சரித்த பிறகே ஓட்டை அடைக்கப்பட்டது.

என்ன செய்ய வேண்டும்?

டம்ப் எடுக்கும் இணைய முகவரியை வெளியாட்களுக்குத் திறந்து வைக்கக் கூடாது. ஃபைலை வாட்ஸ்அப், மெயிலில் அனுப்பக் கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கசிந்துவிட்டால், உள்ளே இருந்த சாவிகளை உடனே மாற்ற வேண்டும். தகவல் பாதுகாப்பில் கோட்டை விட்டால், இந்தியாவின் 2023 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டப்படி ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி உண்டு.